ஸ்னோபால் டெர்பி: கேட்டவையும் சொன்னவையும்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் பென்சகோலா என்றொரு கடலோர ஊர். அங்கே ஒவ்வொரு டிசம்பர் தொடக்கத்திலும் ஸ்னோபால் டெர்பி என்ற ஸ்டாக் கார் (சாதாரண கார் தோற்றத்தில் கட்டிய பந்தய வண்டி) பந்தயம் நடக்கும். நான் பல வருடங்களாக அதைப் பின்தொடர்கிறேன், இரண்டு முறை நேரிலும் பார்த்துவிட்டேன். அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில்கள்.

பனியே பார்க்காத ஊரில் பனிப்பந்து என்று ஒரு பந்தயமா? எப்போது ஆரம்பித்தது?

1968-ல். முதல் வெற்றியாளர் வெய்ன் நீடெக்கன். டிசம்பரில் மிச்சிகன், விஸ்கான்சின் பக்கமெல்லாம் பந்தயத் தடங்கள் பனியில் மூடிப் பூட்டிக் கிடக்கும். தெற்கே மெக்சிகோ வளைகுடாக் கரையில் மட்டும் கார் ஓட்டலாம். அதனால் வடக்கத்தி ஓட்டுநர்கள் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு இறங்கி வருவார்கள், தெற்கத்தி ஆட்கள் சொந்த மண்ணில் காத்திருப்பார்கள். வடக்கா தெற்கா என்ற இந்தப் போட்டிதான் பந்தயத்துக்கு உயிர். ஐந்து முறை வென்று சாதனை வைத்திருக்கும் ரிச் பிக்கிள் விஸ்கான்சின்காரர்.

தடத்தின் பெயர் ஃபைவ் ஃப்ளாக்ஸ் ஸ்பீட்வே, திறந்தது 1953-ல். பென்சகோலா மீது பறந்த ஐந்து கொடிகள்தான் அந்தப் பெயர்: ஸ்பெயின், பிரான்ஸ், பிரிட்டன், உள்நாட்டுப் போர்க் காலத் தெற்கு மாநிலக் கூட்டமைப்பு, அமெரிக்கா.

இது நாஸ்கார் போட்டியா?

இல்லை. நாஸ்கார் என்பது அமெரிக்காவின் பெரிய ஸ்டாக் கார் பந்தய அமைப்பு. அதன் நட்சத்திரங்கள் வந்து ஓட்டுவார்கள். டாரல் வால்ட்ரிப் 1976-லும், கைல் புஷ் 2009, 2017-லும் வென்றார்கள். ஆனால் இது தனிப் பந்தயம். ஓடுவது பந்தயத்துக்கென்றே கட்டிய, சூப்பர் லேட் மாடல் என்ற வகை வண்டி.

அரை மைல் தடத்தில் 300 சுற்று. சும்மா வட்டமடிப்பதில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 300 சுற்று என்றால் 150 மைல், கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர். அத்தனையும் இடப்பக்கமே திரும்பிக்கொண்டு. தடத்தின் தார் சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி இருக்கும், டயரைத் தின்றுவிடும். புது டயரில் சீறிக்கொண்டு போகிறவர் கொஞ்ச நேரத்தில் பிடி இழந்து ஒவ்வொருவராகப் பின்னால் விழுவார். டயர் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் நினைத்தபோதெல்லாம் மாற்றவும் முடியாது.

பந்தயம் முடிந்ததும் அணிகள் வண்டியைக் கவனிக்கும் பிட் பக்கம் போய் ஒரு வலப்பக்க டயரைத் தொட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் திரும்பும்போது பாரமெல்லாம் வலது டயர்மேல்தான் விழும். வெளி ஓரம் முழுக்க ரப்பர் சுருண்டு சுருண்டு, அழிப்பானைத் தேய்த்த தாள்போல இருந்தது. வேலி ஓரம் உட்கார்ந்தால் அந்த ரப்பர் துணுக்குகள் தலையில் விழும், வாங்கி வைத்த பாப்கார்னிலும் விழும். முதல் 200 சுற்று டயரைக் காப்பாற்றிக்கொண்டு பொறுமையாக இருந்து, கடைசி நூறில் ஓட்டுவதுதான் வித்தை.

பெண்கள் யாராவது ஜெயித்திருக்கிறார்களா?

இரண்டு பேர். 1994-ல் டாமி ஜோ கிர்க். மோட்டார் சைக்கிள் பந்தயத்திலிருந்து காருக்கு வந்தவர். 2010-ல் ஜோஹானா லாங். அப்போது அவருக்கு 18 வயது, பென்சகோலா பெண். சொந்த ஊர்ப் பெண் அந்தக் கோப்பையைத் தூக்கினால் அரங்கம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெண்களுக்கென்று தனிப் பிரிவு கிடையாது, அதே வண்டி, அதே 300 சுற்று.

நாஸ்கார்தானே இது?

மேலே சொல்லிவிட்டேன். இல்லை.

அண்ணா, ஆட்டோமொபைல் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். 2013-ல் சேஸ் எலியட் முதலாவதாக வந்தும் பட்டம் போனது ஏன்?

நல்ல கேள்வி தம்பி. வண்டியின் குறைந்தபட்ச எடையை எட்டுவதற்கு அதன் அடிச்சட்டகத்தில் எடைக்கட்டி வைப்பார்கள். வழக்கமாக அது ஈயம், டங்ஸ்டன் கூடாது என்பது விதி. எலியட் வண்டியில் டங்ஸ்டன் கிடைத்தது. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், டங்ஸ்டன் 19.3 கிராம். தீப்பெட்டி அளவு ஈயம் கால் கிலோகூட வராது, அதே அளவு டங்ஸ்டன் 400 கிராம் வரும். அப்படியென்றால் அதே எடையைச் சின்ன இடத்தில், இன்னும் தாழ்வாக, இன்னும் இடப்பக்கமாக வைக்கலாம். இடப்பக்கமே திரும்பும் வண்டிக்கு இது பெரிய லாபம். டங்ஸ்டன் விலையும் அதிகம், வசதியுள்ள அணிக்கு மட்டுமே கட்டுப்படியாகும்.

பட்டம் எரிக் ஜோன்ஸுக்குப் போனது. முந்தைய வருடம் 16 வயதில் கைல் புஷ்ஷையே பின்னால் நிறுத்தி ஜெயித்தவர். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் புஷ் அவரைத் தன் டிரக் பந்தய அணியில் சேர்த்துக்கொண்டார்.

எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: முடிவுக் கொடி விழுந்த உடனே வெற்றியாளர் பெயரை எழுதாதீர்கள். பந்தயம் முடிந்ததும் வண்டியைச் சோதிக்கும் ஆய்வு அறைக்கு அங்கே 'ரூம் ஆஃப் டூம்' (அழிவு அறை) என்று பெயர். அங்கிருந்து வண்டி வெளியே வரும்வரை யாரும் ஜெயிக்கவில்லை.

அநியாயம். மெக்கானிக் வைத்த கட்டிக்கு ஓட்டியவர் என்ன செய்வார்? அபராதம் போட்டுவிட்டுப் பட்டத்தை விட்டிருக்கலாமே?

ஒத்துக்கொள்ள மாட்டேன். பட்டம் வண்டிக்கும் ஆளுக்கும் சேர்த்துத்தான். அபராதம் மட்டும் என்றால் பணமுள்ளவர் அதையும் செலவுக் கணக்கில் எழுதிவிட்டுப் போவார். சொந்த ஷெட்டில் இரவெல்லாம் வேலை பார்த்து வருகிற சின்ன அணிக்கு அந்த அறை ஒன்றுதான் பாதுகாப்பு.

அப்படியானால் பெரிய பெயர்களை மட்டும் பிடிக்கிறார்களோ?

இல்லை. 2015-ல் முதலில் வந்த கிறிஸ்டோஃபர் பெல் தகுதி இழந்தார், பட்டம் யாருக்குப் போனது தெரியுமா? அதே சேஸ் எலியட்டுக்கு. இரண்டு வருடம் முன்னால் அவரிடமிருந்து வாங்கிய அறைதான் அவருக்குக் கொடுத்தது. 2019-ல் ஸ்டீஃபன் நாஸி முதலில் வந்தார், பட்டம் டிராவிஸ் பிரேடனுக்கு. ஆள் பார்த்துச் செய்வதாக இருந்தால் இப்படி நடக்காது. எனக்கு இந்தப் பந்தயத்தின் மேல் இவ்வளவு மரியாதை வந்ததற்குக் காரணமே இதுதான்.

ஆனாலும் ஜனங்கள் முன்னால் ஜெயித்ததுதானே ஜெயிப்பு? ராத்திரி வீட்டுக்குப் போனபின் மாற்றுவது ரசிகனை ஏமாற்றுவது.

விதியை மீறிய வண்டியைப் பார்த்துக் கைதட்ட வைப்பதுதான் ரசிகனை ஏமாற்றுவது. இதற்கு மேல் இந்த விவாதம் வேண்டாம், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

எல்லா வண்டியும் ஓடலாமா?

முடியாது. நேரக்கணிப்பு ஓட்டத்தில் வேகமான 30 பேருக்கு நேரடி இடம். மற்றவர்கள் முந்தைய நாள் நடக்கும் கடைசி வாய்ப்புப் பந்தயத்தில் மோதி மிச்ச இடங்களைப் பிடிக்க வேண்டும். சில சமயம் அதுதான் வார இறுதியின் மிகக் கடுமையான ஓட்டம்.

ஃபார்முலா ஒன் பற்றி ஒரு சந்தேகம்...

அது என் துறை இல்லை. தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

நாஸ்கார் கோப்பைப் புள்ளிகள் இதில் உண்டா?

இது நாஸ்கார் போட்டி இல்லை. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், தயவுசெய்து மேலே படியுங்கள்.

இந்த டிசம்பர் மாமா வீட்டுக்கு அட்லாண்டா போகிறேன். பென்சகோலா போய்ப் பார்க்கலாமா? என்ன எடுத்துப் போக வேண்டும்?

கண்டிப்பாகப் போங்கள், காரில் ஐந்தாறு மணி நேரம்தான். காதடைப்பான் முக்கியம், மாமாவுக்கும் சேர்த்து வாங்குங்கள். பகலில் வெயில் அடித்தாலும் சாயங்காலம் கடற்காற்று சில்லென்று இறங்கும், ஸ்வெட்டர் வேண்டும். முன்வரிசை வேண்டாம், மேலே நான்காம் திருப்பம் (முடிவுக் கோட்டுக்கு முந்தைய கடைசி வளைவு) தெரிகிற இடமாகப் பாருங்கள். அப்புறம், கொடி விழுந்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஆய்வு முடிந்து பெயரை அறிவிக்கும்வரை இருங்கள்.