‘உறுதியாகக் கூறினார்’ என்பதற்கு மாற்றாக எதை எழுதலாம்?

கேள்வி: அலுவலகக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளை எழுதுவது என் பொறுப்பு. ஒரே பக்கத்தில் ‘உறுதியாகக் கூறினார்’ என்ற தொடர் நான்கைந்து முறை வந்துவிடுவதால், அகராதியைப் பார்த்து ‘ஆணித்தரமாகக் கூறினார்’, ‘வலியுறுத்தினார்’, ‘சாதித்தார்’ என்று மாற்றி எழுதினேன். பொருள் மாறுகிறது என்று மேலதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். இவையெல்லாம் ஒரே பொருள் கொண்ட சொற்கள்தாமே?

பதில்: உங்கள் மேலதிகாரி திருப்பி அனுப்பியது சரியே. ஒருவர் ஒன்றைத் தயக்கமின்றிச் சொன்னார் என்பதைக் குறிக்கும் சொற்கள் தமிழில் ஏராளம். ஆனால் அவற்றில் பல, சொன்னவரைப் பற்றி மட்டுமல்லாமல், அதை எழுதுகிறவர் நம்புகிறாரா இல்லையா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றன. நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

‘கணக்கில் பிழை இல்லை’ என்று ஒரு கணக்காளர் கூட்டத்தில் சொன்னதாக வைத்துக்கொள்வோம். ‘உறுதியாகக் கூறினார்’ என்று எழுதினால், அவர் தடுமாறாமல் சொன்னார் என்பதற்கு மேல் எதுவும் இல்லை. ‘அடித்துச் சொன்னார்’ என்பதும் கிட்டத்தட்ட அதே பொருள்தான். பேச்சுக்கு மிகவும் பொருந்தும், அலுவலகக் குறிப்புக்குப் பொருந்தாது. ‘ஆணித்தரமாகக் கூறினார்’ என்றால் நிலைமை வேறு. ஆணிப்பொன், ஆணிமுத்து என்னும் தொடர்களில் ‘ஆணி’ உயர்ந்த தரத்தைக் குறிப்பதை நீங்கள் அறிந்திருக்கலாம். இன்றைய வழக்கில் ஆணித்தரமாகப் பேசுவது என்பது, மறுக்க முடியாதபடி காரணங்களை அடுக்கிப் பேசுவதாகும். ஆகவே அப்படி எழுதும்போது, கணக்காளரின் வாதம் வலுவானது என்று நீங்களே சான்று அளிக்கிறீர்கள். ‘சாதித்தார்’ இதற்கு நேர் எதிர். ‘பிழை இல்லை என்று சாதித்தார்’ என்று படிக்கும் எவரும், பிழை கண்ணுக்குத் தெரிந்தும் அவர் ஒப்புக்கொள்ள மறுத்தார் என்றே புரிந்துகொள்வார்கள். ஒரு மனிதரின் நேர்மையை ஒரே வினைச்சொல் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும் என்பதால், இந்தச் சொல்லை அலுவலகக் குறிப்பில் அறவே தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

‘திட்டவட்டமாக’ என்பது இரு பொருளுக்கு இடம் தராத தெளிவைக் குறிக்கிறது. ‘திட்டவட்டமாக மறுத்தார்’ என்ற வழக்கில் அது மிக இயல்பாக அமர்கிறது. ‘அறுதியிட்டு’ என்பதற்கு, ஆராய்ந்து முடித்து, இனி மாற்றமில்லை என்ற நிலையில் சொல்வது என்று பொருள். நடைமுறையில் அது எதிர்மறையில்தான் அதிகம் பயன்படுகிறது: ‘காரணம் இதுதான் என்று இப்போதைக்கு அறுதியிட்டுக் கூற இயலாது.’

அடுத்து, மிகுதியாகக் குழப்பம் நேரும் மூன்று வினைகள். ‘வலியுறுத்தினார்’ என்பது பெரும்பாலும் நடக்க வேண்டிய ஒன்றைப் பற்றியது. ‘கணக்கை மீண்டும் சரிபார்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார்’ என்பது செம்மையான வாக்கியம், ‘கணக்கில் பிழை இல்லை என்று வலியுறுத்தினார்’ என்பது நெருடுகிறது. ‘உறுதிப்படுத்தினார்’ என்று எழுதவேண்டுமானால், அந்தச் செய்தி ஏற்கெனவே வேறு வழியில் வந்திருக்க வேண்டும். இவர் அதை மெய்யென்று ஏற்கிறார். ‘உறுதியளித்தார்’ என்பதோ வாக்குக் கொடுப்பது. அது பெரும்பாலும் வருங்காலத்தைப் பற்றியது, யாருக்கு என்ற நான்காம் வேற்றுமையையும் எதிர்பார்ப்பது: ‘வெள்ளிக்கிழமைக்குள் கணக்கை ஒப்படைப்பதாக உறுப்பினர்களுக்கு உறுதியளித்தார்.’

‘கண்டிப்பாக’, ‘நிச்சயமாக’ என்ற இரண்டையும் பேச்சில் நாம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். ‘கண்டிப்பாக வருவேன்’ என்பதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ‘கண்டிப்பாகக் கூறினார்’ என்று எழுதும்போது நம்பிக்கை மறைந்து கடுமை தலைதூக்கிவிடுகிறது.

உறுதியைக் காட்டத் தனிச்சொல்லே தேவையில்லாத இடங்களும் உண்டு. ஏகார இடைச்சொல்லின் பொருள்களுள் ஒன்றாகத் தேற்றத்தைத் தொல்காப்பியமும் நன்னூலும் குறிப்பிடுகின்றன. தேற்றம் என்றால் தெளிவு, உறுதி. ‘இந்த வழக்கு முடிந்தே தீரும்’ என்பதில் அந்த ஒற்றை ஏகாரம் ‘நிச்சயமாக’ என்ற சொல்லின் வேலையைச் செய்துவிடுகிறது. ‘தான்’ என்பதும் அவ்வாறே. எனினும் இரண்டும் ஒன்றல்ல: ‘கணக்காளர்தான் கையெழுத்திட்டார்’ என்றால் வேறு யாரும் அல்லர் என்பது பொருள், ‘கணக்காளரே கையெழுத்திட்டார்’ என்றால், பிறரிடம் விடாமல் தாமே முன்வந்து செய்தார் என்ற குறிப்பும் அதில் தொனிக்கக்கூடும். பொறுப்பு யாருடையது என்பது பின்னால் கேள்வியாகும் ஆவணத்தில் இந்த வேறுபாடு சிறியதன்று.

இனி உங்கள் பக்கத்துக்கு வருவோம். ஒரே தொடர் நான்கு முறை வருவதற்கு மாற்றுச் சொல் தேடுவதைவிட, அந்த நான்கில் எத்தனை இடங்களில் ‘உறுதியாக’ உண்மையிலேயே தேவை என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் ‘கூறினார்’, ‘தெரிவித்தார்’ என்பதே போதும். பெயர்ச்சொல்லாக வேண்டுமானால் ‘கூற்று’ இருக்கிறது. பள்ளி வினாத்தாள்களில் ‘கூற்று, காரணம்’ என்று வரும் வினாக்களில் கூற்று சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம் என்பதிலிருந்தே அது எந்தப் பக்கமும் சாயாத சொல் என்பது விளங்கும். உறுதியின் அளவைக் காட்டியே ஆக வேண்டும் என்றால், அடைமொழியை விட்டுவிட்டு ஆதாரத்தை எழுதுங்கள்: ‘கணக்கில் பிழை இல்லை என்று கணக்காளர் கூறினார், வங்கி அறிக்கையுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்த பட்டியலையும் கூட்டத்தில் முன்வைத்தார்.’ அத்தகைய பட்டியல் எதுவும் வைக்கப்படவில்லை என்றால் முதல் பகுதியோடு வாக்கியத்தை முடித்துவிடுங்கள். இல்லாத வலுவை ‘ஆணித்தரமாக’ என்று சேர்த்து அவருக்குக் கடனாகக் கொடுக்க வேண்டாம்.