செகாவை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

கேள்வி: உங்களுக்குப் பிடித்த ரஷ்ய எழுத்தாளர் யார்? அவரை எந்த வரிசையில் வாசிக்கலாம்?

அந்தோன் செகாவ் (1860–1904). காலவரிசையில் போக வேண்டாம். மருத்துவம் படித்துக்கொண்டே வீட்டுச் செலவுக்காக எழுதியவர் அவர். 'அஸ்கோல்கி' என்ற நகைச்சுவை வார இதழ் வரிக்கு 8 கோபெக் (ரூபிளில் நூறில் ஒரு பங்கு ஒரு கோபெக்) தந்தது; 100 வரியைத் தாண்டக் கூடாது. அதனால் ஆரம்பகாலக் கதைகளில் துணுக்குகள் நிறைய. ஆனாலும் ஒரே செய்கையில் ஆளைக் காட்டிவிடும் கைத்திறன் அங்கே வந்ததுதான்.

முதலில் 1886இல் வந்த 'தஸ்கா' (துயரம்). மகனைப் பறிகொடுத்த வண்டிக்காரர் அயோனா, ஏறுகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லப் பார்க்கிறார். யாரும் காது கொடுப்பதில்லை. கடைசியில் குதிரையிடம் சொல்கிறார். அவ்வளவுதான் கதை, சில பக்கங்கள்தான். ஆனால் வேகமாகப் படித்தால் ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொருவரும் அவர் பேச்சை எந்த இடத்தில் வெட்டுகிறார்கள் என்று கவனியுங்கள்.

அடுத்து 'ஆறாவது வார்டு' (1892). இதற்கு முன் சகலின் பயணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 1890இல், சைபீரிய ரயில்பாதை இல்லாத காலத்தில், குதிரை வண்டியிலும் படகிலும் அந்தக் கைதிகள் தீவுக்குப் போனார். மூன்று மாதம் குடிசை குடிசையாக ஏறி இறங்கி, ஏறத்தாழ 10,000 பேரின் விவரங்களை அட்டைகளில் பதிந்தார். சவுக்கடி தண்டனையையும் நேரில் பார்த்தார். திரும்பும் வழியில் கொழும்பிலும் கண்டியிலும் தங்கினார். கப்பலில் இறந்த சிப்பாயைப் பற்றிய 'கூசெவ்' அந்தப் பயணத்தில் பிறந்தது.

'ஆறாவது வார்டு' என்பது மருத்துவமனையின் மனநோயாளிகள் பிரிவு. அங்குள்ள மருத்துவர், வலி வெறும் எண்ணம்தான் என்று நோயாளியிடம் வாதாடுகிறார். பிறகு அவரையே அந்த வார்டில் பூட்டுகிறார்கள். காவலாளியின் அடி விழுகிறது. கதை வெளியான அதே ஆண்டு காலரா பரவியபோது, தான் குடியிருந்த மெலிகவோ பகுதியில் 25 கிராமங்களைச் சம்பளமில்லாமல் கவனித்துக்கொண்டவர் செகாவ். மருத்துவரின் அலட்சியத்தை அவர் இவ்வளவு கடுமையாக எழுதியதில் எனக்கு வியப்பே இல்லை.

பெயர்களில்தான் பலரும் தடுமாறுவார்கள். 'ஆறாவது வார்டு' மருத்துவரின் பெயரையே பாருங்கள்: ஆந்திரேய் யெஃபீமிச் ராகின் என்றால் யெஃபீமின் மகன் ஆந்திரேய். ராகின் குடும்பப் பெயர். மூன்றும் ஒரே ஆள். முதல் பக்கத்திலேயே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

வேறு வேறு இடத்தில் மணமான இருவரின் காதலைச் சொல்லும் 'நாய்க்காரச் சீமாட்டி'யை (1899) கடைசிக்கு வையுங்கள். மிகக் கடினமானது இனிமேல்தான் தொடங்குகிறது என்ற இடத்தில் கதை நின்றுவிடும். பக்கம் எதுவும் விடுபடவில்லை. கதை அங்கேதான் முடிகிறது.