வாசகர் கேள்வி – பதில்: பழைய மாளிகையைப் பல வீடுகளாகப் பிரிப்பது

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் மகளின் குடும்பம், பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட நாட்டுப்புற மாளிகை ஒன்றைப் பல வீடுகளாகப் பிரித்த இடத்தில் ஒரு பகுதியை வாங்க எண்ணியிருக்கிறது. ஒரு வீட்டில் அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் சீலிங்கும் அடுத்த வீட்டில் தாழ்ந்த சிறு அறைகளும் இருக்கின்றனவாம். இப்படிப் பிரித்தால் கட்டடத்தின் அழகு கெட்டுவிடாதா? வாங்குமுன் எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகி ஒருவர், உவர்மலை, திருகோணமலை

பதில்: அந்த ஏற்றத்தாழ்வு பிரித்தவர்கள் உண்டாக்கியது அன்று, கட்டியவர்களே அப்படித்தான் கட்டினார்கள். அக்காலத்து மாளிகைகள் பல, இத்தாலியக் கட்டடக் கலைஞரான பல்லாடியோவின் முறையைத் தழுவியவை. குசினியும் களஞ்சிய அறைகளும் அடித்தளத்தில் இருக்கும். விருந்தினரை வரவேற்கும் பெரிய அறைகள் அதற்கு மேல்தளத்தில் இருக்கும். படுக்கையறைகள் அதற்கும் மேலே, வேலைக்காரரின் அறைகள் கூரையை ஒட்டி இருக்கும். முற்றத்தில் நின்று சன்னல்களைப் பார்த்தாலே இது விளங்கும். மிக உயரமான சன்னல்கள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதுதான் முதன்மைத் தளம்; உச்சியில் சன்னல்கள் சிறு சதுரங்களாகக் குறுகிவிடும்.

இத்தகைய கட்டடத்தைத் தளம் தளமாக, கிடையாக அறுப்பதே எளிய வழியாகத் தோன்றும். ஆனால் அதில் இரண்டு கேடுகள் உண்டு. மரச் சட்டங்களின் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய சீலிங், மேல்வீட்டுக் காலடிச் சத்தத்தை முழுமையாகத் தடுக்காது. அடுத்தது, முதன்மைத் தளத்தை வாங்குபவருக்குப் படுக்கையறைகள் தேவைப்படுவதால், பெரிய அறையின் நடுவே தடுப்புச் சுவர் எழும்பும். சீலிங்கின் ஓரமாக நாலு பக்கமும் சுற்றி வரவேண்டிய சுதை வேலைப்பாடு அந்தச் சுவரில் முட்டி, பாதி இலையோடு நின்றுவிடும். சில இடங்களில் தடுப்பு ஒரு சன்னலையே இரண்டாக்கும். வெளியில் நின்று பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் சுவரின் விளிம்பு தெரியும். என் எண்ணத்தில், அப்படி ஒரு சுவர் எழுந்த பின் அந்த அறை அறையாக இருப்பதில்லை.

இதற்கு மாற்று வழியைப் பல மாளிகைகளில் செய்து காட்டியவர், இங்கிலாந்துக் கட்டடக் கலைஞரான கிட் மார்ட்டின். அவர் பெரும்பாலும் செங்குத்தாகப் பிரித்தார்: அடித்தளத்திலிருந்து கூரை வரை ஒரு துண்டு ஒரு குடும்பத்துக்கு, அதற்கென்று ஒரு தெருவாசல். பெரிய மாளிகைகளில் வேலைக்காரர் ஏறி இறங்கப் பின்புறப் படிக்கட்டுகள் முன்பே இருந்தன. புகைபோக்கிகளைத் தாங்கும் தடித்த குறுக்குச் சுவர்களும் இருந்தன. அந்தச் சுவர்களே வீட்டுக்கு வீடு எல்லையாகின. அந்தப் படிக்கட்டுகள் தனி வீடுகளின் மாடிப்படிகளாகின. மிகச் சிறந்த அறைகள் பிளக்கப்படாமல் முழுமையாக ஒருவருக்கே போயின. குதிரை லாயமும் குசினி முற்றமும் சிறு வீடுகளாகின. நோர்போக்கில் உள்ள கன்ரன் ஹோல், மத்தியூ பிரெற்றிங்ஹாம் வடிவமைத்தது; 1882இல் தீக்கிரையான அதன் நடுப்பகுதி ஒரு நூற்றாண்டுக் காலம் சிதைந்து கிடந்த பின்னரே, 1980இல் மார்ட்டின் அதை வாங்கி வீடுகளாக்கினார். ரட்லண்டில் 1690களில் எழுந்த பேர்லி மாளிகையும் அவர் கையால் பல வீடுகளாயிற்று.

உங்கள் மகள் கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது, மாளிகை பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறதா என்பது. அப்படி இருந்தால், அதன் தன்மையை மாற்றும் வேலைகளுக்கு, உட்புற வேலைகளுக்குங்கூட, உள்ளூராட்சி அனுமதி வேண்டும். இல்லாமல் செய்வது குற்றம். முன்னைய உரிமையாளர் அனுமதியின்றி இடித்ததையும் இன்றைய உரிமையாளரே திருத்தித் தரவேண்டி வரலாம் என்பதால், பழைய அனுமதிப் பத்திரங்களை வழக்கறிஞர் பார்க்காமல் கையொப்பம் வைக்கக் கூடாது. அடுத்தது கூரை. ஈயத் தகடு வேய்ந்த கூரையை மாற்றும் செலவு எல்லா வீடுகளுக்கும் பொதுவாக வரும்போது, மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் ஒரு பொருட்டாகவே தெரியாது. ஆகவே பொது நிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, தோட்டமும் வழியும் யார் பெயரில் இருக்கின்றன என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய மாளிகைகளை உரிமையாளர்கள் ஏன் கைவிட்டார்கள்?
— வாசகர் ஒருவர், உப்புவெளி

பதில்: வரியும் ஆள் பற்றாக்குறையுமே முக்கிய காரணங்கள். 1894இல் வந்த புதிய மரண வரி மிகப் பெரிய சொத்துக்கு 8 சதவீதமாக இருந்தது; 1919இல் அது 40 சதவீதமானது. இரண்டு உலகப் போர்களுக்குப் பின் வேலைக்காரர் கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் இராணுவம் தங்கிய வீடுகள் பல சேதத்தோடு திரும்பி வந்தன. நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடிக்கப்பட்டன. 1974இல் லண்டன் விக்டோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சி அந்த இழப்பைப் பொதுமக்களின் கண்முன் வைத்தது.

கேள்வி: திருமலை நகரில் எங்கள் பாட்டனார் கட்டிய வீடு நால்வருக்குப் பொதுவாக வந்திருக்கிறது. நடுவில் பெரிய மண்டபமும் முன்னால் நீண்ட விறாந்தையும் உண்டு. நாலு சம பங்காக அளந்து சுவர் எழுப்புவதே நியாயம் என்கிறார் அண்ணர். சரியா?
— வாசகர் ஒருவர், பாலையூற்று

பதில்: பரப்பளவை மட்டும் சமமாக்கினால் சுவர் மண்டபத்தின் நடுவே விழும்; நால்வருக்கும் கிடைப்பது மண்டபத்தின் துண்டுகளே. அண்ணரிடம் பெறுமதியைச் சமமாக்குவோம் என்று சொல்லிப் பாருங்கள். மண்டபம் ஒருவருக்கு முழுதாகப் போகட்டும். அவர் மற்றவர்களுக்குப் பணமாகவோ வளவின் பின்பகுதியாகவோ ஈடு செய்யட்டும். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்கீழ் வழக்கு வைத்தால், நீதிமன்றம் சொத்தை விற்கும்படியும் தீர்ப்பளிக்கலாம் என்பதை நால்வரும் நினைவில் வைப்பது நல்லது. வீட்டைப் பகுதி பகுதியாகத் தனி உறுதிகளில் எழுதிக் கூரையையும் கிணற்றையும் பொதுவில் வைத்திருக்க விரும்பினால், அடுக்குமாடி உரிமை தொடர்பான 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

வடகீழ்ப் பருவ மழையில் ஓட்டுக்கூரையின் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று ஒருமுறை நின்று பாருங்கள். ஒருவர் பங்கின் கூரைத் தண்ணீர் மற்றவர் வாசலில் விழுந்தால் சண்டை அங்கேதான் தொடங்கும். நில அளவையாளரிடம் காணி எல்லையோடு சுவர்கள், கூரைச் சாய்வு, கிணறு, மலசலகூடக் குழி ஆகியவற்றையும் குறித்த வரைபடம் ஒன்றைக் கேளுங்கள். நொத்தாரிசிடம் அதன் பிறகு போகலாம்.