நிவாரணப் பொதியும் சுங்கச் சோதனையும்

கேள்வி: 2004 கடல்கோளின்போது கிண்ணியாவில் எல்லாவற்றையும் இழந்தவர்களுள் எமது குடும்பமும் ஒன்று. அனர்த்த காலத்தில் வெளிநாடுகளிலிருந்து வரும் நிவாரணப் பொருட்களைச் சோதனை எதுவுமின்றி உடனே விடுவிக்கச் சர்வதேச விதி இல்லையா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: விதி இருக்கிறது, ஆனால் அது ‘சோதனை எதுவுமின்றி’ என்று சொல்லவில்லை. 1973இல் உருவாகி, 1999இல் திருத்தப்பட்டு, அத்திருத்திய வடிவில் 2006இல் நடைமுறைக்கு வந்த கியோட்டோ சுங்கச் சமவாயத்தில் நிவாரணப் பொதிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அவற்றுக்கு முன்னுரிமை தரவேண்டும், பொருள் வந்து சேருமுன்பே சுங்கப் பத்திரங்களை ஏற்கவேண்டும், விவரம் குறைந்த பத்திரமானாலும் பின்னர் நிறைவுசெய்யும் நிபந்தனையுடன் பொருளை விடுவிக்கவேண்டும், அலுவலக நேரத்துக்கு வெளியிலும் கட்டணமின்றிப் பணியாற்றவேண்டும், பொதியைத் திறந்து பார்ப்பது விதிவிலக்கான சந்தர்ப்பங்களில் மட்டுமே நிகழவேண்டும் என்கிறது அது. அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள் இலவசமாக விநியோகிப்பதற்கு நன்கொடையாகப் பெறும் பொருட்களுக்கு இறக்குமதித் தீர்வையை விலக்குமாறும் பரிந்துரைக்கிறது. சமவாயத்தில் சேரும் நாடு அதன் பொது இணைப்பை, அதாவது அடிப்படை விதிகள் அடங்கிய பகுதியை, கட்டாயம் ஏற்கவேண்டும். இந்த அத்தியாயமோ விரும்பிய நாடுகள் மட்டும் ஏற்பது. குறை அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எனினும் தாமதத்துக்கெல்லாம் சுங்க அதிகாரியையே நோவது நியாயமாகாது. அதே கடல்கோளுக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சேயில் வந்து குவிந்த மருந்துகளில் பெரும்பகுதி, அங்குள்ள வைத்தியர்களால் வாசிக்க முடியாத மொழிகளில் பெயரிடப்பட்டிருந்தது, காலாவதியானவையும் இருந்தன. கேட்காமலே வந்த அத்தகைய பொருட்களைத் தரம்பிரிப்பதற்கே, காயம்பட்டவர்களைக் கவனிக்கவேண்டிய கைகள் செலவாயின.

கனடாவிலோ இலண்டனிலோ உள்ள உறவினர்கள் அனுப்ப முன்வந்தால், முதலில் இங்கே பொறுப்பேற்கும் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு எது என்று உறுதிசெய்யச் சொல்லுங்கள். பெறுநரின் பெயரில்லாத கொள்கலன் எந்தத் துறைமுகத்திலும் கிடந்துபோகும். பொருட்பட்டியலையும் நன்கொடைக் கடிதத்தையும் கப்பல் புறப்படும்போதே இங்கு அனுப்பிவிடவேண்டும். பழைய உடைகளோடு மருந்தைச் சேர்த்துக் கட்டக்கூடாது, ஏனெனில் மருந்துக்குத் தனி அனுமதி தேவைப்படும். அது கிடைக்கும்வரை உடைகளும் சேர்ந்தே காத்திருக்கும். தொலைத்தொடர்புக் கருவிகளும் அவ்வாறே தனி அனுமதிக்கு உரியவை. அந்தத் தடைகளைத் தளர்த்தவே 1998இல் தம்பேரே சமவாயம் உருவானது.