"கெர்னலில் ஓட்டை, சர்வரையே மாற்றணும்" என்கிறார் ஏஜெண்ட். 6,800 ரிங்கிட் கொடுக்கலாமா?

கேள்வி: ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். கணக்கும் ஸ்டாக்கும் ஓர் உபுண்டு 18.04 சர்வரில் ஓடுகின்றன. ராம் 16 ஜிபி. பராமரிக்கும் ஏஜெண்ட் ஏதோ ஸ்கேன் போட்டுவிட்டு, கெர்னலின் நினைவக நிர்வாகத்தில் 'இன்டிஜர் ஓவர்ஃப்ளோ' ஓட்டை இருக்கிறது, பெட்டியையே மாற்ற வேண்டும், 6,800 ரிங்கிட் ஆகும் என்கிறார். அறிக்கையில் சிவிஇ-2018-17182, சிவிஇ-2019-11487 என்று இரண்டு எண்கள் (சிவிஇ என்பது தெரியவந்த ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பதிவு எண்ணாம்). கெர்னல் எண் 4.15.0-197. வாங்கித்தான் ஆகவேண்டுமா ஐயா?

பதில்: வேண்டாம். அந்த இரண்டு ஓட்டைகளும் உங்கள் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், எப்போதோ அடைபட்டுவிட்டன. அடைபடாமல் இருந்திருந்தாலும் அது மென்பொருள் கோளாறு. புதுப் பெட்டியில் அதே பழைய கெர்னலைப் போட்டால் ஓட்டையும் கூடவே வரும்.

முதல் எண்ணைப் பார்ப்போம். ஒரு நிரல் நினைவகத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் கெர்னல் ஒரு வரிசை எண்ணைக் கூட்டும். நிரலின் ஒவ்வொரு த்ரெட்டும் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) தான் கடைசியாகத் தொட்ட பகுதிகளை நான்கு கட்டங்களில் குறித்து வைத்திருக்கும், அப்போதைய வரிசை எண்ணோடு. எண் ஒத்துப்போனால் குறிப்பு செல்லும், இல்லாவிட்டால் செல்லாது. அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 32 பிட். 4,294,967,295-ஐ எட்டியதும் அடுத்தது சுழியம். கிளினிக்கில் டோக்கன் 999 முடிந்து மறுபடி 1 ஆகும்போது, பழைய டோக்கனைப் பையில் வைத்திருந்தவர் முறை வந்ததுபோல உள்ளே நுழைவாரே, அந்தக் கதைதான். இதைத் தெரிந்தே, எண் சுற்றும்போது எல்லாக் குறிப்புகளையும் அழிக்க ஏற்பாடு இருந்தது. 3.16 பதிப்பில் வேகத்துக்காக, ஒரே த்ரெட் இருந்தால் அழிக்க வேண்டாம் என்று ஒரு குறுக்குவழி சேர்த்தார்கள். ஓட்டை அங்கேதான். ஓட்டை தேடும் கூகுள் குழுவான புராஜெக்ட் ஜீரோவின் யான் ஹோர்ன் 2018 செப்டம்பரில் சொன்னார்; அவருடைய செயல்விளக்க நிரலுக்கே எண்ணைச் சுற்றவைக்க ஒரு மணிநேரம் போல ஆனது. இரண்டே நாளில் எண் 64 பிட் ஆக்கப்பட்டது. உபுண்டு பயனர் கைக்கு வந்தது அக்டோபர் தொடக்கத்தில்தான். திருத்தம் ஊருக்கே தெரிந்த பிறகும் விநியோகிப்பவர்கள் ஏன் இத்தனை நாள் எடுக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

இரண்டாவது எண், நினைவகப் பக்கத்தை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு நிரம்பி வழிவது. அதற்குச் சுமார் 140 ஜிபி ராம் வேண்டும். உங்களிடம் 16.

பிறகு ஸ்கேனில் ஏன் சிவப்பு? இதுதான் பழைய தந்திரம். லினக்ஸ் குழு வெளியிடும் மூலக் கெர்னலில் முதல் ஓட்டைக்குத் திருத்தம் 4.18.9-ல் வந்தது. மலிவான ஸ்கேனர் 4.15-ஐப் பார்த்து, சிறிய எண், ஆகவே ஓட்டை என்று எழுதிவிடும். உபுண்டு அப்படி எண்ணை ஏற்றுவதில்லை, 4.15.0 அப்படியே நிற்கும், கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்தான் ஏறும். 2018 ஓட்டை 36-லேயே அடைந்தது. நீங்கள் 197-ல் இருக்கிறீர்கள். இது ஏஜெண்டுக்குத் தெரியாமல் இருக்காது.

உங்கள் உண்மையான பிரச்சினையை அவர் சொல்லவே இல்லை. 18.04-க்கு இலவசப் பொது ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்தது. உங்கள் கெர்னல் அதற்கும் முன்பே நின்றுவிட்டது. உபுண்டு ப்ரோ சந்தா ஐந்து இயந்திரங்கள் வரை இலவசம், சிறு வியாபாரத்துக்கும், 18.04-க்கு 2028 வரை திருத்தம் வரும். உபுண்டு தளத்தில் கணக்குத் திறந்து, சந்தாவுக்கான டோக்கன் எழுத்துகளை வாங்கி, 'சூடோ ப்ரோ அட்டாச்' என்று அடித்து டோக்கனைச் சேர்த்தால் போதும். 6,800 ரிங்கிட் அல்ல, சுழியம்.

கடை மூடிய பிறகு செய்யுங்கள். முதலில் கணக்கு டேட்டாவை வெளி டிஸ்கில் நகலெடுத்து, வேறு கணினியில் திறந்து பாருங்கள். அடுத்து 'டிஎஃப் -எச்' அடித்து பூட் பகுதி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய கெர்னல்கள் குவிந்து அது நிரம்பியிருந்தால் புதுக் கெர்னல் பாதியில் நின்று, காலையில் சர்வர் எழாது. 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' போட்டு இடம் பண்ணுங்கள். பிறகு 'ஆப்ட் அப்டேட்', 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்'. பழைய பழக்கத்தில் 'ஆப்ட்-கெட் அப்கிரேட்' அடித்தால் புதுக் கெர்னலை ஒதுக்கி வைத்துவிடும். முடிந்ததும் ரீபூட், செய்யாவிட்டால் பழைய கெர்னலே ஓடிக்கொண்டிருக்கும். 'யூநேம் -ஆர்' அடித்தால் வரும் எண் 197-ஐத் தாண்டியிருக்க வேண்டும். எழவில்லை என்றால், சர்வர் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் 197-ஐத் தேர்ந்தெடுங்கள்.

இந்த வகை ஓட்டைகள் ஏற்கெனவே சர்வருக்கு உள்ளே இருப்பவனுக்குத்தான் உதவும். 'உள்ளே' என்பதில் கவனம் வேண்டும். பங்கிட்ட கோப்புகளைத் திறக்கும் கிளார்க் அந்தக் கணக்கில் வரமாட்டார்; அவருடைய நிரல் சர்வரில் ஓடுவதில்லை. ஆனால் அதே சர்வரில் கடையின் வெப்சைட் இருந்தால், அதன் பழைய பிளக்இன் வழியாக வருகிறவன் உள்ளே இருப்பவன்தான். வேலையை விட்டுப்போனவரின் லாகின் அப்படியே இருந்தால் அவரும் உள்ளே. எல்லாவற்றையும்விட, ஏஜெண்ட் 'தூரத்திலிருந்து பார்க்க' என்று நிரந்தரப் பாஸ்வேர்டோடு விட்டுப்போன எனிடெஸ்க். அந்தப் பாஸ்வேர்ட் அவருடைய எல்லா வாடிக்கையாளருக்கும் ஒன்றே என்றால் யார் யார் உள்ளே என்று அவருக்கே தெரியாது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் கெர்னல் அப்டேட்டை அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

ஏஜெண்டிடம் ஒரு கேள்வி கேளுங்கள். 2024 சைபர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஊடுருவல் சோதனைச் சேவை தர நாக்சா (தேசிய சைபர் பாதுகாப்பு நிறுவனம்) உரிமம் வேண்டும், அது இருக்கிறதா? 'நான் ஸ்கேன் மட்டும்தான்' என்று நழுவுவார். கடைக்காக வாங்கிய பொருள் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றமும் தொடாது.  ஆகவே பில்லில் 'எந்த சிவிஇ, எந்தக் கெர்னல் எண், திருத்தத்துக்குப் பின் எந்த எண்' என்று எழுதி வாங்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

வன்பொருள் பழசாகி, நாளை உண்மையிலேயே மாற்ற நேர்ந்தால், 'டிரேட்-இன்' என்று பழைய பெட்டியை முழுசாகத் தூக்கிப்போக விடாதீர்கள். கணக்கு டேட்டா இருக்கும் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள்.