கணக்குப் பாடத்துக்கு ரெடிமேட் ஒர்க்‌ஷீட், பிபிடி வாங்கிப் பயன்படுத்தலாமா?

"நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பாடவாரியாக ஒர்க்‌ஷீட், பிபிடி, பாடக்குறிப்பு எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது, சிலர் விலைக்கும் விற்கிறார்கள். பயன்படுத்தலாமா, இல்லை அது சோம்பேறித்தனமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன்படுத்தலாம், தாராளமாக. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். 'சோம்பேறித்தனம்' என்ற வார்த்தையை நீங்களாக யோசித்திருக்க மாட்டீர்கள், பள்ளியில் யாரோ மூத்தவர் சொல்லியிருப்பார். அவருக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் ஒரே கணக்கு ஆசிரியர் இருக்கும் பள்ளியில், தினமும் மூன்று பாடத்துக்கு மூன்று விதமான தாள்களை உட்கார்ந்து தயாரிக்க ராத்திரி போதாது. யாரோ நன்றாகச் செய்து வைத்திருந்தால் எடுத்துக்கொள்வதில் என்ன தப்பு?

ரெடிமேட் என்பது நமக்குப் புதிதும் இல்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 2003-இல் தொடங்கி, 2007-இல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல் அட்டைகள் வேறென்ன? பாடங்களை ஏணிப்படி போல அடுக்கி, எந்தப் படிக்கு எந்த அட்டை என்பது வரை அச்சாகி வந்தது. கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பிள்ளைகளுக்குப் பயிற்சி நூலும் நமக்குக் கையேடும் கொடுத்தார்கள். அரசாங்கமே பாடத்தைத் தயார் செய்து கையில் கொடுக்கும்போது நீங்கள் ஒரு ஒர்க்‌ஷீட்டைப் பதிவிறக்கினால் மட்டும் குற்றமா?

ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். கணக்குத் தாளில் உயிர் இருப்பது அதிலுள்ள எண்களில்தான். எந்தக் கணக்குக்குப் பிறகு எந்தக் கணக்கு, எந்த எண்ணைப் போட்டால் பிள்ளை தடுமாறும், எந்த எண்ணைப் போட்டால் புரியாமலேயே சரியான விடை வந்துவிடும், இதை யோசித்துத் தாள் தயாரித்தவரா, இல்லை பக்கத்தை நிரப்பியவரா என்று பார்க்க வேண்டும். படம், நிறம், அனிமேஷன் எல்லாம் அப்புறம்.

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். நன்கொடையாக ஒரு கணக்குப் பெட்டி வந்தது. எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை, இப்போது அது முக்கியமும் இல்லை. உள்ளே அட்டைகள், தரையில் விரிக்கும் எண்கோட்டுப் பாய், பென்டிரைவில் பிபிடி, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒர்க்‌ஷீட் கட்டு. கூடவே ஆசிரியர் என்ன பேச வேண்டும் என்று வரிக்கு வரி எழுதிய கையேடு. பயிற்சியாளர் ஒருவரும் வந்தார். மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டுகிறேன் என்றார். ஏழாம் வகுப்பு, முதல் பருவம், முழுக்கள், அதாவது குறை எண்களும் சேர்ந்த முழு எண்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தேன்.

திரையில் இரண்டு மைனஸ் குறிகள் ஓடி வந்து மோதி பிளஸ் ஆகும். "ரெண்டு மைனஸ் சந்திச்சா பிளஸ்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். நல்ல உற்சாகம், அதை மறுக்கவே மாட்டேன். பிறகு ஒர்க்‌ஷீட். 4 − (−2), 6 − (−1), −3 − (−5) என்று ஒரு பக்கம் முழுக்க அதே மாதிரி. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் முழு மதிப்பெண். பயிற்சியாளர் படம் எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அடுத்த வகுப்பில் கரும்பலகையில் −3 − 5 என்று மட்டும் எழுதினேன். வகுப்பே சேர்ந்து "எட்டு" என்றது. மைனஸ் எட்டு இல்லை, எட்டு. ஏன் என்று கேட்டால், நன்றாகப் படிக்கிற ஒரு மாணவி எழுந்து, "ரெண்டு மைனஸ் இருக்கே டீச்சர்" என்றாள். அவள் மேல் ஒரு குறையும் இல்லை. சொல்லிக் கொடுத்த விதியை அப்படியே பயன்படுத்தியிருக்கிறாள். அந்தத் தாளில் ஒரே ஒரு −3 − 5 இருந்திருந்தால் அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும். தாள் தயாரித்தவர் அதைச் சேர்க்கவில்லை. எல்லோரும் முழு மதிப்பெண் வாங்குகிற தாள் நல்ல தாள் என்று நினைத்துவிட்டார்.

பிறகு புளியங்கொட்டையை எடுத்தேன். ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்குவது, தாயம் ஆடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வேலைதான். வெள்ளைப் பக்கம் +1, கறுப்புப் பக்கம் −1. ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் பூஜ்யம். அவ்வளவுதான் விதி. −3 − (−5) என்றால் மூன்று கறுப்பு வையுங்கள். ஐந்து கறுப்பை எடுக்க வேண்டும், ஆனால் மூன்றுதான் இருக்கிறது. சரி, இரண்டு பூஜ்ய ஜோடிகளைச் சேர்ப்போம், மதிப்பு மாறாது. இப்போது ஐந்து கறுப்பு, இரண்டு வெள்ளை. ஐந்து கறுப்பையும் எடுத்தால் மிச்சம் இரண்டு வெள்ளை, +2. அடுத்து −3 − 5. மூன்று கறுப்பு இருக்கிறது, ஐந்து வெள்ளையை எடுக்க வேண்டும், வெள்ளையே இல்லை. ஐந்து ஜோடிகளைச் சேர்த்து, ஐந்து வெள்ளையை எடுத்தால் எட்டுக் கறுப்பு மிச்சம், −8. ஒரு எண்ணைக் கழிப்பதும் அதன் எதிரெண்ணைக் கூட்டுவதும் ஒன்றுதான் என்று பாடநூல் சொல்வதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே கண்டுபிடித்தார்கள். அந்த வகுப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இதை நானே கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. இரு நிறச் சில்லுகளை வைத்து முழுக்கள் சொல்லிக்கொடுப்பது பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது, கொட்டை மட்டும்தான் நம்முடையது. "குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்குவதைக் கொட்டையில் எப்படிக் காட்டுவீர்கள்?" என்று கேட்பவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்குக் கொட்டை வேண்டாம். 3 × (−2) = −6, 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0 என்று வரிசையாக எழுதினால் ஒவ்வொரு படிக்கும் இரண்டு கூடுகிறது. அடுத்த வரி (−1) × (−2) என்ன என்று கேட்டால் பிள்ளைகளே 2 என்று சொல்லிவிடுவார்கள். 'ரெண்டு மைனஸ்' விதி பொருந்த வேண்டிய இடம் பெருக்கல். அதைக் கழித்தலில் கொண்டுபோய்ப் போட்டதுதான் அந்த பிபிடியின் கோளாறு.

அதற்காகப் பெட்டியைத் தூக்கி மூலையில் போடவில்லை. அந்த எண்கோட்டுப் பாய் அருமையான பொருள், இன்றும் ஆறாம் வகுப்பில் விரிக்கிறேன். ஒர்க்‌ஷீட்டுகளையும் விடவில்லை. நாலைந்து தாள்களிலிருந்து கணக்குகளை வெட்டிக் கலந்து ஒரே தாளாக ஒட்டி நகல் எடுத்தேன். இந்தக் கலக்கும் வேலையை நீங்களும் செய்யுங்கள். ரெடிமேட் தாள்களில் பெரும்பாலும் பக்கத்தின் தலைப்பே விடைக்கு வழி சொல்லிவிடும். மேலே 'கழித்தல்' என்று போட்டிருந்தால், வார்த்தைக் கணக்கைப் படிக்காமலேயே பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிட்டுப் போகிற பிள்ளைகளை எத்தனை வகுப்பில் பார்த்திருக்கிறேன். தலைப்பை மறைத்து, நான்கு செயலும் கலந்து கொடுத்தால்தான் யார் படிக்கிறார்கள் என்று தெரியும்.

பின்னத்துக்கான தாள் என்றால் முதலில் படங்களைப் பாருங்கள். எல்லாமே சமமாக வெட்டிய வட்டமாக இருந்தால் பிள்ளை பின்னம் கற்பதில்லை, நிறம் தீட்டிய துண்டுகளை எண்ணக் கற்கிறது. சமமில்லாமல் பிரித்த ஒரு செவ்வகத்தைக் காட்டி "இது நாலில் ஒரு பங்கா?" என்று கேட்கிற கேள்வி ஒன்றாவது வேண்டும். 1/4 பெரியதா 1/8 பெரியதா என்பதும் வேண்டும். எட்டு பெரிய எண் என்பதால் 1/8 என்பார்கள். அதே போலத் தசமத்தில் 0.4-ஐயும் 0.35-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். முப்பத்தைந்து நாலை விடப் பெரிது என்று 0.35-ஐ வட்டமிடும் பிள்ளைகள் பாதி வகுப்பு இருக்கலாம். 0.7, 0.3 என்று ஒரே நீளத்தில் மட்டும் எண்கள் உள்ள தாளில் இது வெளியே தெரியவே தெரியாது.

வடிவியல் தாள்களில் எல்லா முக்கோணமும் அடிப்பக்கம் கிடையாகவே இருக்கும். சதுரத்தைக் கொஞ்சம் சாய்த்து வரைந்தால் "இது டைமண்ட்" என்பார்கள். தாளைத் திருப்பிப் பிடித்துக் காட்டினாலே போதும், செலவில்லை.

வெளிநாட்டுத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் தாள்களில் இன்னொரு சிக்கல். அச்சு அழகாக இருக்கும், ஆனால் இடமதிப்பு அட்டவணையில் ஆயிரத்துக்கு அடுத்து மில்லியன் என்று மும்மூன்றாகப் பிரித்திருப்பார்கள். நமக்கு 1,00,000, அவர்களுக்கு 100,000. ஆறாம் வகுப்பில் இரண்டு முறையையும் ஒப்பிடுகிற இடத்தில் அது நல்ல கருவி. நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் குழப்பம்தான். சென்ட், மைல், அங்குலம் இதெல்லாம் வருகிற வார்த்தைக் கணக்குகளையும் அப்படியே கொடுக்காதீர்கள். ரூபாய், கிலோமீட்டர் என்று மாற்றும்போது எண்களையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஒரு பென்சில் இருநூறு ரூபாய் என்று வந்து நிற்கும்.

இதையெல்லாம் செய்ய நேரம் எங்கே என்று கேட்பீர்கள். அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. கணக்கு டீச்சர் என்றாலே பள்ளியின் அத்தனை வரவுசெலவும் நம் தலையில். உதவித்தொகைப் பட்டியலா, "கணக்கு டீச்சர்கிட்ட குடுங்க". சீருடை அளவு, இலவச நோட்டு எண்ணிக்கை, சத்துணவுப் பதிவேட்டில் கூட்டல் சரியா என்று பார்ப்பது, செயலியில் ஏற்ற வேண்டிய விவரம், எல்லாம் நம்மிடம். முழுக்களும் இயற்கணிதமும் படித்த படிப்பு, பதிவேட்டில் கூட்டல் போடுவதற்கு என்று ஆகிவிட்டது. தமிழாசிரியரிடம் யாரும் ஊருக்கெல்லாம் மனு எழுதித் தரச் சொல்வதில்லையே! சக ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஆனால் பாடத்துக்குத் தயாராகும் நேரத்தைப் பதிவேடு தின்றுவிட்டு, பிறகு "ஏன் ரெடிமேட் எடுக்கிறீர்கள்?" என்று கேட்பது நியாயமே இல்லை. நகல் எடுக்கும் காசும் பல மாதம் நம் பையிலிருந்துதான் போகிறது, அதை யாரும் கேட்பதில்லை.

சரி, எங்கே தேடுவது? முதலில் பாடநூலையே பாருங்கள். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடு இருக்கிறது, மத்திய அரசின் திக்‌ஷா செயலியில் திறக்கும். பாட முடிவில் இணையச் செயல்பாடு என்ற பகுதி வருகிறதே, அதில் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் செய்த பயிற்சிகள் பல. அந்த மென்பொருளை நாம் வகுப்பில் இலவசமாகவே பயன்படுத்தலாம், கணினியில் நிறுவிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுக்க இழுக்க கோணங்களின் கூடுதல் 180 பாகையாகவே நிற்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) தளத்தில் பின்னத்துக்கும் பரப்பளவுக்கும் நல்ல விளையாட்டுகள் உண்டு, அவையும் இலவசம். கையால் செய்யும் பொருட்களுக்கு, வீணான பொருட்களில் பொம்மை செய்து அறிவியல் சொல்லிக்கொடுக்கும் அரவிந்த் குப்தாவின் தளம். தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய செய்தித்தாள் இவற்றை வைத்தே வடிவியல் சொல்லிக்கொடுக்கலாம். ஆசிரியர்களுக்கான வாசிப்பு வேண்டும் என்றால் அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் வெளியிடும் 'அட் ரைட் ஆங்கிள்ஸ்' இதழை எடுங்கள். ஆங்கிலம்தான், ஆனால் ஒவ்வொரு கட்டுரையிலும் வகுப்பில் கேட்க ஒரு நல்ல கேள்வியாவது கிடைக்கும். சென்னைப் பக்கம் இருந்தால், பி.கே. ஸ்ரீனிவாசன் என்ற கணக்கு ஆசிரியர் ராயபுரத்தில் 1993-இல் உருவாக்கிய ராமானுஜன் அருங்காட்சியகத்தைப் பற்றியும் தேடிப் படியுங்கள். ஒரு பள்ளி ஆசிரியரால் எவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது என்று தெரியும்.

காசு கொடுத்து வாங்குவதானால் அவசரப்படாதீர்கள். விற்கிறவரிடம் ஒரே ஒரு பாடத்தை மாதிரிக்குக் கேளுங்கள், அதுவும் அவர்கள் தேர்ந்தெடுத்த பாடம் வேண்டாம், நீங்கள் சொல்கிற பாடம். அந்தத் தாளை முதலில் நீங்களே பேனா பிடித்துப் போட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் பிள்ளைகள் போன தேர்வில் செய்த தப்பான விடைகளை எடுத்து வைத்து, அந்தத் தப்புகள் இந்தத் தாளில் எங்காவது வெளியே வருமா என்று பாருங்கள். வரும் என்றால் வாங்குங்கள். கோப்பைத் திருத்த முடியாமல் பூட்டி வைத்திருந்தால் மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், எண்ணை மாற்ற முடியாத தாள் அடுத்த வருட வகுப்புக்கு உதவாது.