பழைய சோற்றுக்கு எந்தத் தண்ணீர்?

வணக்கம். எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். ராத்திரி மீந்த சோற்றில் அம்மா மெட்ரோ தண்ணீர் ஊற்றமாட்டார். “மருந்து வாடை அடிக்குது, நல்ல கிருமியெல்லாம் செத்துடும்” என்று போர் தண்ணீரை ஊற்றுகிறார். இட்லி மாவுக்கும் அதுதான். புளித்த உணவு மூளைக்கு செரட்டோனின் என்ற ‘சந்தோஷ ரசாயனம்’ தரும் என்று வீடியோவில் பார்த்ததிலிருந்து தினமும் எங்களுக்குப் பழைய சோறு. அம்மா செய்வது சரியா?
மேகலா

அன்புள்ள மேகலா,

பழைய சோற்றுக்குப் போர் தண்ணீர் ஊற்றுவதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இட்லி ஆவியில் வெந்துவிடுகிறது. பழைய சோற்றை யாரும் மறுபடி கொதிக்கவைப்பதில்லை, ராத்திரி ஊற்றிய தண்ணீரைத்தான் காலையில் அப்படியே குடிக்கிறோம். நம் பக்கத்து நெருக்கமான தெருக்களில் கழிவுநீர்க் குழாய்க்கு ஒட்டினாற்போலவே போர் இறங்கியிருக்கும். அதில் மலக்கிருமி கலந்தால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. புளிப்பு ஏறினால் பல கிருமிகள் அடங்கும், உண்மைதான். ஆனால் புளிப்பு ஏறவே பல மணி நேரம் ஆகும்.

அந்த மருந்து வாடைக்குக் காரணமான குளோரினைப் பற்றி அம்மா பயப்பட வேண்டியதில்லை. குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்கவேண்டும் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். அந்தச் சொற்ப அளவு சோற்றிலோ உளுந்திலோ பட்டதுமே பெரும்பாலும் செலவாகிவிடும். இட்லி மாவைப் பொங்கவைக்கும் லியூகோனாஸ்டாக் பாக்டீரியா உளுந்தோடு சேர்ந்தே வருகிறது, தண்ணீரை நம்பி இல்லை. லாரித் தண்ணீரில் வாடை தூக்கலாக இருந்தால் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றலாம். வாடையும் போகும், கிருமியும் போகும்.

வியாசர்பாடியில் என் ஆயா முந்தைய நாள் நீராகாரத்தில் ஒரு கரண்டி மிச்சம் வைத்துப் புதுச் சோற்றில் விடுவார். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் சாக்கடை நீரில் செய்ததும் ஏறக்குறைய இதுதான். காற்றூதிச் சுத்தம் செய்த நீரை வடித்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றை அடுத்த தொகுதிக்கு விட்டுவைத்தார்கள். சேற்றில் பெருகியிருந்த பாக்டீரியா, வாரக்கணக்கில் நடந்த வேலையைச் சில மணி நேரத்தில் முடித்தது. கழிவுநீர் நிலையங்கள் பலவும் இன்றைக்கும் அந்த வழியில்தான் ஓடுகின்றன. நம் கொடுங்கையூரில் சுத்திகரித்த நீரை மேலும் வடிகட்டி, மணலிப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வரை அனுப்பும் நிலையம் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு ஆயாவின் கரண்டிதான் ஞாபகம் வரும்.

சரி, மூளை. உடம்பின் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது. 2015-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குடல் பாக்டீரியா இல்லாமல் வளர்த்த எலிகளின் ரத்தத்தில் அது பாதிக்கும் மேல் குறைந்திருப்பதைக் கண்டார்கள். வீடியோக்கள் இதோடு நிறுத்திவிடுகின்றன. குடலில் உருவாகும் செரட்டோனின், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. குடலிலிருந்து வேகஸ் நரம்பு வழியாகவும் நோயெதிர்ப்பு மண்டலம் வழியாகவும் மூளைக்குச் செய்தி போகிறது, அதுதான் இப்போது சூடாக ஆராயப்படுகிறது. 2021-இல் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 36 பேரில் ஒரு பாதியினர் 10 வாரம் தயிர், கிம்சி போன்ற புளித்த உணவுகளைச் சாப்பிட்டார்கள். அவர்களுடைய குடல் பாக்டீரியாவின் வகைகள் கூடின, அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. சந்தோஷம் கூடியது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

வெந்த இட்லியில் அந்த பாக்டீரியா உயிரோடு இருக்காது, பழைய சோற்றில் இருக்கும். குடல் நோயாளிகளுக்கு அது உதவுமா என்று உங்கள் பக்கத்து ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலேயே ஆராய்ச்சி எடுத்திருக்கிறார்கள். அதனால் அம்மாவைப் பழைய சோற்றை விடச் சொல்லாதீர்கள். சோறு ஆறியதும், நேரம் கடத்தாமல், கொதித்து ஆறிய மெட்ரோ தண்ணீரை ஊற்றட்டும். கூடவே முந்தைய நாள் நீராகாரம் ஒரு கரண்டி. போர் தண்ணீரில் செய்த பழையதை மட்டும் அதற்கு எடுக்கவேண்டாம், முதல் நாள் கொஞ்சம் தயிர் விட்டுத் தொடங்கட்டும்.